ஆட்டிடம்தான் பேசினேன்

உட்காருங்கள் சார், காலி இடம்தான். பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மேலே வைத்தால் வளைவில் தலையில் விழும். டவுனுக்கா? நானும் அங்கேதான். கோர்ட்டு ஸ்டாப். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த பஸ் இன்ஜினுக்கு என்னைவிட வாய் பெரிது.

கோர்ட்டு என்றதும் ஒரு மாதிரி பார்க்கிறீர்களே. திருட்டு இல்லை சார், அடிதடி இல்லை. என் கூடப்பிறந்த அக்கா, பூரணத்தம்மாள் என்று பெயர், என்னிடமிருந்து தனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருக்கிறாள். அவளுக்கு வயது எழுபத்தொன்று. எனக்கு அறுபத்தாறு. அந்த உத்தரவை நான் மீறிவிட்டேன் என்று இப்போது இன்னொரு மனு. இன்றைக்குத் தீர்ப்பு. ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம் என்கிறார் என் வக்கீல். அப்படி என்ன செய்துவிட்டேன்? ஆட்டிடம் பேசினேன். என் ஆடு, என் வீட்டு நடை, என் வாய்.

முதலில் இருந்து சொல்கிறேன். அப்போதுதான் நியாயம் யார் பக்கம் என்று தெரியும்.

என் பெயர் சிவனணைந்தான். கொத்தனார் வேலை. இந்த வழியில் தெரிகிற பாதி வீடு நான் கட்டியது. படிப்பு மூன்றாம் வகுப்பு. மாடு மேய்க்க ஆள் இல்லை என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அக்கா எட்டு வரைக்கும் போனாள். நான் மேய்த்த மாட்டுப் பாலை விற்றுத்தான் அவளுக்கு நோட்டும் பேனாவும். அந்தப் பேனா இன்றைக்கு என் மேலேயே மனு எழுதுகிறது. அதை விடுங்கள், அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

அவள் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தொன்பது வருஷம் ஆகிறது, வைகாசி பதினாலு, வியாழக்கிழமை. எங்கள் பக்கம் பெண்ணின் தம்பிதான் அக்கா கையில் பொரி அள்ளிப் போட வேண்டும். அவள் அதை ஓமத்தில் இடுவாள். அதற்காக மாப்பிள்ளை மச்சினன் விரலில் ஒரு மோதிரம் போடுவார். என் ஒருத்தனுக்குத்தான் அந்த உரிமை. அன்றைக்குக் காலையில் பார்க்கிறேன், எனக்கு எடுத்த வேட்டியில் வெறும் சிவப்புக் கரை. சித்தப்பா மகன் வேலாயுதத்துக்கு மயில்கண் கரை. எப்படி இருக்கும்? நான் பேசாமல் போய் வைக்கோல் படப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டேன். தேடி வருவார்கள், கெஞ்சுவார்கள், இறங்கலாம் என்று இருந்தேன். யாரும் வரவில்லை. முகூர்த்தம் ஏழரைக்கு. கொட்டுச் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், வேலாயுதம் பொரி போட்டு முடித்து, மோதிர விரலை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறான்.

அக்கா மட்டும் மணையில் இருந்தபடி கழுத்தை நீட்டி நீட்டி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பிறகு சொன்னார்கள். பார்த்தால் போதுமா சார்? எழுந்து வர வேண்டாமா?

புருஷன் செத்து, பிள்ளைகுட்டி இல்லாமல், இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்பா வீட்டை இரண்டாக எழுதி வைத்திருந்தார். வடபாதி அவளுக்கு, தென்பாதி எனக்கு. நடுச்சுவரை நான்தான் கட்டினேன். ஒன்பது இஞ்சுச் சுவர், ஊசி போகாது. இடுப்பு உயரத்தில் நாலு செங்கல் மட்டும் வைக்காமல் விட்டேன். காற்றுக்காக. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஓட்டை வழியாகத்தான் எனக்குக் குழம்பு வரும். நான் கேட்கவில்லை, அவளாக வைப்பாள். நானும் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவி அதே ஓட்டையில் வைத்து, "உப்பு இல்ல" என்று சொல்வேன். உப்பு இருக்கும். இருந்தாலும் சொல்வேன். சும்மா வாங்கித் தின்றான் என்று இருக்கக் கூடாது இல்லையா?

முன்னால் யாரோ இருமுகிறார்கள். தூசி. நீங்கள் கதையைக் கேளுங்கள்.

போன வருஷம் ஐப்பசியில் அந்த வேலாயுதம் அவள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தான். வரட்டும், உறவுமுறை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ என் கிணற்றடிக்கு ஏன் வர வேண்டும்? வந்தான். கழுவினான். விரல் தடித்துப்போய் மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது, இனிமேல் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் மின்னியது சார். "என்ன கொத்தனாரே, சௌக்கியமா?" என்று அந்தக் கையையே ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

அவன் போனதும் நான் பின்கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். திருட்டுப் பயம். நடை இரண்டு வீட்டுக்கும் பொது. அதன் கடைசியில் இருக்கிற கதவு என் பாதியில் வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம்தான் கக்கூசு, அதுவும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். பூட்டினேன், சாவியை மடியில் செருகினேன். மறுநாள் விடியற்காலையில் எங்கள் குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனேன். ஒரு ராத்திரி தங்கல். சாவி மடியோடு வந்துவிட்டது. மறதி.

கேட்டீர்களா? "மறதியாம்லா மறதி" என்று ஒரு குரல். உங்களுக்குக் கேட்டிருக்கும். ஆமாம் சார், சொல்லிவிடுகிறேன். அதோ முன்னால் இரண்டாவது சீட்டில், கீரைக்கட்டு வைத்திருக்கிற அம்மாவுக்குப் பக்கத்தில், பச்சைச் சேலை. அதுதான் என் அக்கா. கோர்ட்டு நேரத்துக்கு டவுன் போக ஊருக்கு இருப்பது ஒரே பஸ், ஏழே முக்கால். வாதிக்கு ஒன்று பிரதிவாதிக்கு ஒன்று என்று கவர்மெண்டு பஸ் விடுமா? நான் ஏறும்போதே கண்டக்டரைச் சாட்சி வைத்துக்கொண்டுதான் ஏழு சீட்டுத் தள்ளி வந்து உட்கார்ந்தேன். அவள் பக்கம் நான் திரும்பவே இல்லை. உங்களிடம்தான் பேசுகிறேன். அவளுக்கு வேண்டாம் என்றால் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

எங்கே விட்டேன்? கோயில். நான் அங்கே இருக்கும்போது இங்கே நல்ல மழை. இவள் பின்கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். பிறகு தெரு சுற்றிப் போய், உடைமுள் வேலியைப் பிரித்து, அதற்குள் நுழையப் பார்த்து வழுக்கி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. இடது கைதான்.

நான் மறுநாள் சாயங்காலம் வந்தேன். நடையில் உட்கார்ந்திருந்தாள், கையில் மாவுக்கட்டு. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வேலியை யாரு பிரிச்சது?" கொத்தனார் கண் சார். முதலில் கட்டடம் தெரியும், பிறகுதான் ஆள் தெரியும். வழக்கமாக ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வாள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் பார்க்கிறேன், சுவரில் இருந்த ஓட்டையில் பழைய தலையணை ஒன்றைத் திணித்து வைத்திருக்கிறாள்.

அதற்கு அடுத்த வாரம் மகளிர் குழுப் பெண்களோடு ஆட்டோவில் ஏறிக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டாள். அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு அம்மா இருக்கிறார்களாம். அவர்கள் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வக்கீல் ஆவுடையப்பனிடம் போய், "புருசன் மேல போடுத கேசைத் தம்பி மேல எப்படிப் போடலாம்?" என்று கேட்டேன். "ஒரே வீட்டுல இருந்தா அண்ணன் தம்பி மேலயும் போடலாம் அண்ணாச்சி" என்றார். பாருங்கள், எனக்குத் தெரியாமல் சட்டத்தை எவ்வளவு அகலமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜட்ஜம்மா உத்தரவு படித்தார். பின்கதவைப் பூட்டக் கூடாது. அவள் பாதிக்குள் காலை வைக்கக் கூடாது. அவளோடு நேரிலோ, போனிலோ, கடிதத்திலோ, ஆள் விட்டோ பேசக் கூடாது. சரி என்று வந்துவிட்டேன். பேசாமல் இருப்பது ஒரு தண்டனையா? நான் பிடிவாதம் பிடித்தால் ஒரு வருஷம்கூடப் பேசாமல் இருப்பேன்.

ஆனால் அந்த உத்தரவில் ஒரு சூது இருக்கிறது சார். அது என்னை மட்டும்தான் கட்டும், அவளைக் கட்டாது. மறுநாள் காலையிலேயே நடையில் வந்து நின்றுகொண்டாள். "ஏலே, ஒம் மூஞ்சி ஏன் பூட்டுன கதவு மாதிரி இருக்கு?" என்றாள். நான் வாயைத் திறக்க முடியாது. "என்னலே, வாயில கொழுக்கட்டையா?" நான் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு நேராக வந்து நின்று, "மூணாங்கிளாஸ் படிச்ச மொதலாளி குளிக்காருல்லா" என்பாள். தகுந்த பதில் தொண்டைக்குழி வரைக்கும் வரும். ஒவ்வொரு பதிலும் முத்து மாதிரிப் பதில். எல்லாவற்றையும் விழுங்கினேன். நாற்பத்தொரு நாள். ஒரு மண்டலம். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. டாக்டர் சுகர் என்றார். சுகர் இல்லை, அத்தனையும் சொல்லாத பதில்.

நாற்பத்திரண்டாம் நாள் சந்தைக்குப் போய் ஒரு வெள்ளாடு பிடித்து வந்தேன். மகாராணி என்று பெயர் வைத்தேன். நடையில், சுவர் ஓரமாகக் கட்டினேன். அது பொது நடை, கட்டலாம், வக்கீலிடம் கேட்டுக்கொண்டேன். மறுநாள் இவள் வந்து ஆரம்பித்தாள். நான் ஆட்டின் தாடையைத் தடவிக்கொண்டே, "ஏ மகாராணி, எட்டாங்கிளாஸ் படிச்சா மட்டும் போதாது, குழம்புல உப்புப் போடவும் தெரியணும்" என்றேன்.

சார், அன்றைக்கு நான் இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அப்புறம் தினமும்தான். ஜாடை பேசுவது என்பது என்ன, நம் ஊர்ப் பெண்கள் கோழியைத் திட்டி மருமகளைத் திட்டுவதில்லையா? எந்தக் கோர்ட்டு அதைக் கேட்டது? அவளும் சும்மா இல்லை, கிணற்றுக் கயிற்றிடம் பேச ஆரம்பித்தாள். நானாவது உயிர் உள்ள ஜீவனிடம் பேசினேன். இப்படியே நாலு மாதம். பொய் சொல்லக் கூடாது, நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திடீர் என்று மனு போட்டுவிட்டாள், ஆட்டை வைத்து உத்தரவை மீறுகிறான் என்று. தேதி போட்டு எழுதியிருக்கிறாள் சார், எட்டாம் வகுப்புப் படிப்பு அங்கேதான் வேலை செய்கிறது. என் வக்கீல் எழுந்து, "ஆள் விட்டுப் பேசக் கூடாது என்றுதான் உத்தரவு. ஆடு ஆள் இல்லை" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஜட்ஜம்மா என்னைப் பார்த்து, "ஆட்டிடம் என்ன பேசினீர்கள்?" என்று கேட்டார்.

"தழை தின்னச் சொன்னேம்மா" என்றேன்.

உடனே இவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தாள். "மாசி ஒன்பது, காலையில. 'ஏ மகாராணி, புருசன் வீட்டுலயும் குப்பை கொட்டத் தெரியாம இங்க வந்து பெருக்குதியா.' அம்மா, அந்த ஆட்டுக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு?"

கோர்ட்டே சிரித்தது. டவாலி சிரித்தான். ஜட்ஜம்மா தலையைக் குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி எழுதினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது சார், நல்ல கேள்வி அது. அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த மாசி ஒன்பது, இவள் வீட்டுக்காரர் செத்த நாள். எனக்கு அன்றைக்கு ஞாபகம் இல்லை. தேதியை எல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

ஜட்ஜம்மா அவளிடம், "இவரை ஜெயிலுக்கு அனுப்பணும்னு நினைக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டார். இவள் மாவுக்கட்டுப் பிரித்த கையைத் தடவிக்கொண்டே, "கை முறிஞ்சதுக்கு நான் கோர்ட்டுக்கு வரல. வேலியை யாரு பிரிச்சதுன்னு கேட்டான் பாருங்க, அதுக்குத்தான் வந்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் எல்லாத்தையும் எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

ஜட்ஜம்மா என்னைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார்.

கூண்டில் நிற்கிறேன் சார். கோர்ட்டு முழுக்கக் கூட்டம். முதல் பெஞ்சில் அக்காவுக்குச் சாட்சி சொல்ல வந்த வேலாயுதம், அந்த விரலைத் தாடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் நிமிர்ந்து நின்று, "அவகிட்டப் பேசக் கூடாதுன்னு உங்க உத்தரவு இருக்கும்மா" என்றேன்.

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. இருபது நாள் வாய்தா கொடுத்தார். "அன்னைக்கும் இந்த மாதிரி பேசுனீங்கன்னா, நான் பேச மாட்டேன், தீர்ப்பு பேசும்" என்றார். அந்த நாள்தான் இன்றைக்கு.

இது பஞ்சு மில். இன்னும் மூன்று ஸ்டாப் இருக்கிறது.

ஜெயிலுக்கு நான் பயப்படவில்லை. ஆட்டை யார் பார்ப்பார்கள்? போன வாரம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். எழுந்து பார்க்கிறேன், ஆட்டுக்குப் புதுத் தழை, தண்ணீர், எல்லாம் வைத்திருக்கிறது. ஓட்டையில் திணித்த தலையணையைக் காணவில்லை. ஒரு கிண்ணத்தில் கஞ்சி இருந்தது, பக்கத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய். குடித்தேன். கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. ஆனால் அதைச் சொல்ல முடியாதே, உத்தரவு இருக்கிறதே. ஆட்டிடமும் சொல்ல முடியாது, அந்த மனு வேறு இருக்கிறது. ஒரு மனிதன் உப்பு சரியாக இருக்கிறது என்று யாரிடம்தான் சொல்வான்?

வக்கீல் சொல்கிறார், "கூண்டுல ஏறி, தப்புத்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க அண்ணாச்சி." அவருக்கு என்ன, சொல்லிவிடுவார். வேலாயுதம் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கூண்டில் நின்றால் என் நாக்கு எழும்பாது. அப்போது இன்னொரு சிரிப்புப் பேச்சுத்தான் வரும். எனக்கே தெரியும். என் நாக்கு அப்படி வளர்ந்துவிட்டது.

பஸ்ஸில் என்றால் வேறு. பஸ்ஸில் யார் யாரையோ பார்க்கிறோம், பேசுகிறோம், இறங்கிப் போகிறோம். உங்களை ஆடு என்று நான் சொல்லவில்லை சார், தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் நல்ல மனிதர். இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. மகாராணிகூட நடுநடுவே கத்தும்.

இதோ, சின்ன ஆலடி தாண்டிவிட்டது. அந்தச் சாவியைப் பற்றிச் சொன்னேன் இல்லையா?

மறதி இல்லை.

அன்றைக்கு விடியற்காலையில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மடியில் குத்தியது. தொட்டுப் பார்த்தேன். சாவி. வீட்டுக்குத் திரும்பிப் போக நேரம் இருந்தது, பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வேலாயுதத்துக்குச் சோறு போட்டாள் அல்லவா, ஒரு நாள் திண்டாடட்டும் என்று நினைத்தேன். தெரிந்தேதான் போனேன். மழை வரும் என்று நினைக்கவில்லை. கோயிலில் கிடா வெட்டும்போதும் சாவி மடியில்தான் இருந்தது. தின்னும்போதும் இருந்தது. திரும்பி வந்து அவள் கையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது வேலிதான். நான் செய்தது தப்பு. உங்களிடம்தான் சொல்கிறேன் சார்.

இருங்கள். அவள் கீரைக்கார அம்மாவிடம் ஏதோ சொல்கிறாள். திரும்பவில்லை பாருங்கள், கழுத்தை மட்டும் நீட்டுகிறாள். கேட்டதா உங்களுக்கு?

"பின்னால யாரோ இம்புட்டு நேரமும் ஊருக்கே கேக்க ஒலிபெருக்கி வச்சாவ. முக்கியமான இடத்துல முனங்குதாவ. அதையும் சத்தமாச் சொன்னா என்ன, வாயில இருக்குத முத்தா உதுந்துரும்?"

பார்த்தீர்களா சார், பார்த்தீர்களா. இதுதான் இவள். இப்படிப்பட்டவளோடுதான் நான் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருபது வருஷம் குடித்தனம் செய்கிறேன்.

கோர்ட்டு ஸ்டாப்புக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். சார், ஒரே ஒரு உதவி. என்னைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாக, "என்ன சொன்னீர்கள், காதில் விழவில்லை" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தானே நான் உங்களிடம் திரும்பச் சொல்ல முடியும்.